சொர்ணத்துக்கு ஒரு கேமரா

ஜனவரி 9, திங்கள்

பிளைவுட் கம்பெனிக்காரர்கள் வருஷம் தவறாமல் டைரி கொடுக்கிறார்கள். நானும் வருஷம் தவறாமல் அதில் லாரி நம்பர்களை மட்டும் எழுதிவிட்டுத் தூக்கிப்போடுகிறேன். இந்த வருஷம் எழுத லாரி நம்பர் இல்லை. பழைய கதவும் ஜன்னலும் அடுக்கி விற்கிற கிட்டங்கியை மருமகன் பார்த்துக்கொள்கிறான். நான் வீட்டில் இருக்கிறேன். பகல் எவ்வளவு நீளம் என்பது அறுபத்து நான்கு வயதில்தான் தெரிகிறது.

ஐப்பசியில் சொர்ணத்துக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. கால் ஓரளவு திரும்பிவிட்டது. கம்பு ஊன்றி நடக்கிறாள். பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை. கைதான் மடியில் கிடக்கிறது, பஸ்ஸில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

கைக்குப் பயிற்சி கொடுக்க ஜெனிட்டா என்று ஒரு பெண் வருகிறது. கெட்டிக்காரப் பிள்ளை. இன்று ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னது. சொர்ணம் அதை வலது கையால் வாங்கி, ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள்.

"நான் என்ன நாய்க்குட்டியா, பந்து வெளயாடதுக்கு?"

ஜெனிட்டா சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். நான் சிரித்ததைச் சொர்ணம் கண்டுகொள்ளவில்லை.

இதையும் எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமுதல் அவள் என்னிடம் முகம் கொடுப்பதில்லை. மகள் பிரேமாவிடம் பேசுகிறாள். ஜெனிட்டாவிடம் பேசுகிறாள். ஜன்னலுக்கு வெளியே போகிற மீன்காரியிடம் கூடப் பேசுகிறாள். நான் பக்கத்திலேயேதான் இருக்கிறேன். விழுந்தால் இடப்பக்கம்தானே விழுவாள் என்று கட்டிலின் இடப்பக்கம் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நடக்கும்போதும் அந்தப் பக்கமே போகிறேன். அப்புறமும் என்ன கோபம் என்று தெரியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கோபப்படும்படி என் நினைவில் ஒன்றும் இல்லை. நினைவில் இல்லாதது எவ்வளவு இருக்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

ஜனவரி 11, புதன்

தட்டில் பாதி இட்லியை அப்படியே வைத்துவிட்டு, "இன்னும் ரெண்டு வை பிரேமா, பசிக்கு" என்றாள். தட்டில் இருப்பதை முதலில் தின்னச் சொன்னேன். பதில் இல்லை.

ஜனவரி 13, வெள்ளி

ஜெனிட்டா கேட்டது: "ஆன்ட்டி முன்னாடி கையால என்ன செய்வாங்க அங்கிள்? தையல், பூக்கட்டு, அந்த மாதிரி? பிடிச்ச வேலைன்னா கை தானா வரும்."

பிரேமா முந்திக்கொண்டாள். "எங்கம்மாவா? ஊசியில நூல் கோக்கச் சொன்னா நம்மளத்தான் குத்துவா."

"போட்டோ எடுப்பா" என்றேன் நான்.

பிரேமாவுக்கே அது தெரியாது. அவள் பிறப்பதற்கு முந்திய கதை. அப்போது கடையும் இல்லை, கிட்டங்கியும் இல்லை. எங்கே பழைய வீடு இடிக்கிறார்கள் என்று சைக்கிளில் அலைந்து கதவும் ஜன்னலும் வாங்கிப்போடுவேன். பிறகு எங்கே புது வீடு கட்டுகிறார்கள் என்று அலைந்து, "இவ்வளவு உசரம், இப்படிப் பூவேலை" என்று கையை விரித்துக் காட்டுவேன். கையைப் பார்த்துக் கதவு வாங்க எவனும் தயாராக இல்லை.

சொர்ணத்தின் அக்கா மாப்பிள்ளை கொழும்பிலிருந்து வரும்போது ஒரு கேமரா கொண்டுவந்தார். கைக்குள் அடங்கிவிடும். அது எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கே தெரியாது. சொர்ணம் ரெண்டு பிலிம் சுருளைப் பாழாக்கித் தானே படித்துக்கொண்டாள். கதவுகளைச் சுவரில் சாத்தி, காலை வெயில் சாய்வாக விழுகிற நேரம் பார்த்து எடுப்பாள். அந்த வெயிலில் பூவேலை அப்படியே எழும்பி நிற்கும். படங்களை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டு உடன்குடி, சாத்தான்குளம், நாகர்கோவில் என்று பஸ் ஏறுவேன். பெண் பார்க்கிற மாதிரி சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒரு கதவைக்கூட நான் தூக்கிக்கொண்டு போகாமல் விற்றேன். என் வியாபாரம் எழுந்து நின்றது அந்த ஆல்பத்தின் மேல்தான்.

படம் எடுக்கும்போது அவள் மாமியார் மாதிரி. படத்துக்குள் கோழி வரக்கூடாது, வாளி வரக்கூடாது, என் நிழல்கூட விழக்கூடாது.

"கதவ விக்கப் போறியளா, ஒங்கள விக்கப் போறியளா? தள்ளுங்க."

தூத்துக்குடி உப்புக்காற்று அந்தக் கேமராவை விடவில்லை. கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரிப் பூசணம் படர்ந்து, ஒன்றுக்கும் ஆகாமல் போயிற்று. அதற்குள் கடை வந்துவிட்டது. ஆட்கள் நேரிலேயே வந்து கதவைத் தட்டிப் பார்த்து வாங்கினார்கள்.

ஜெனிட்டா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கேமரா வாங்குங்க அங்கிள்" என்றது.

"அம்மாக்கு என் போன் போதும்" என்றாள் பிரேமா.

சொர்ணம் கட்டிலிலிருந்தே சொன்னாள்: "ஒம் போன நீயே வச்சுக்கோ. அது படம் எடுக்கல, ஒத்தி எடுக்கு."

ஜனவரி 15, ஞாயிறு

பொங்கல். பிரேமா வந்து பொங்கினாள். சொர்ணம் கண்ணாடியைப் பார்த்துத் தானே பவுடர் போட்டுக்கொண்டாள், வலது கன்னத்தில் மட்டும். இடது பக்கமும் போடு என்றேன். காது கேட்காத மாதிரி இருந்தாள். பேப்பரை எடுத்து விரித்தவள், "ஒரு வரிக்கும் தலையே இல்ல, என்னத்த எழுதுதானுவளோ" என்று தூரப் போட்டாள். நான் எடுத்து வாசித்தேன். தலை எல்லாம் இருந்தது.

ஜனவரி 18, புதன்

பாளையங்கோட்டைக்குப் போனேன். பல் டாக்டர் செய்யது மசூது என் பழைய வாடிக்கை. வீடு கட்டும்போது தூண் வாங்கினவர். அவர் வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரி நிறையப் பழைய கேமரா வைத்திருப்பதை அப்போதே பார்த்திருக்கிறேன். பல்லைப் பிடுங்குகிற காசெல்லாம் அதில்தான் இருக்கிறது.

"எந்த மாதிரி வேணும் அண்ணாச்சி?"

"நல்ல சரக்கா வேணும் டாக்டரே."

அலமாரியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தேன். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். மரமானாலும் பித்தளையானாலும் கனம் பொய் சொல்லாது. கனம் இருந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது. இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் இத்தனை வருஷம் ஏமாறாமல் பிழைத்தேன்.

டாக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். "அண்ணாச்சி, அது கேமரா. கரையான் இருக்கான்னா தட்டிப் பாக்கிய?"

"எங்க தொழில் பழக்கம் அது. நீங்க பல்லத் தட்டிப் பாக்கது இல்லியா?"

உள்ளதிலேயே கனமானதை எடுத்துக்கொண்டு வந்தேன். இரும்புப் பெட்டி மாதிரி இருக்கிறது. நல்ல சரக்கு.

ஜனவரி 19, வியாழன்

தோற்றேன்.

மடியில் வைத்ததும் சொர்ணத்தின் முகம் மாறியது. அது வரைக்கும் சந்தோஷம். வலது கையால் தூக்கினாள். இடது கையால் அடியில் தாங்க வேண்டும். தாங்கவில்லை. கேமரா சரிந்து மடியில் விழுந்தது. மறுபடி தூக்கினாள். மறுபடி விழுந்தது.

வலப்பக்கம் முக்காலியில் இருந்த பிரேமாவிடம் கேட்டாள்: "யாரு எடுத்தது இந்த அம்மிக்கல்ல?"

"அப்பாதான்."

"அவிய கனம் பாத்துத்தான எடுத்திருப்பாவ. அவியளுக்குக் கதவும் ஒண்ணு, கேமராவும் ஒண்ணு."

நான் பக்கத்தில் நிற்கிறேன். ஊருக்குப் போனவனைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுகிறாள். சொன்னது என்னவோ சரிதான். கதவைச் சுவர் தாங்கும். கேமராவைக் கை அல்லவா தாங்க வேண்டும்.

ஜனவரி 22, ஞாயிறு

மறுபடி பாளையங்கோட்டை. கனமானதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்று கேட்டேன். டாக்டர் ஒரு சிகரெட் பெட்டி அளவில் எடுத்துக் கொடுத்தார். பேட்டரி போட்டால் வெளிச்சத்தை அதுவே அளந்து, அதுவே எல்லாம் செய்துகொள்ளுமாம். பட்டனை அமுக்கினால் போதும். இதைவிட வேறென்ன வேண்டும் என்று வாங்கி வந்தேன்.

சொர்ணம் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள். பிரேமாவிடம் நீட்டிவிட்டாள்.

"அதுவே எல்லாத்தயும் பாத்துக்கிட்டா எனக்கு என்ன சோலி? வீட்ல எனக்குத்தான் எல்லாரும் எல்லாத்தயும் செய்தாவளே. இதுவும் ஒண்ணு கூடவா?"

பிரேமா அதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள்.

ஜனவரி 23, திங்கள்

ஜெனிட்டாவிடம் சொன்னேன். "ஆன்ட்டி சொல்றதுதான் அங்கிள் சரி. எல்லாத்தையும் கையாலயே திருப்பி வைக்கிற கேமராவா பாருங்க. ஒவ்வொரு திருகும் விரலுக்கு வேலை. எனக்குத் தர்ற சம்பளமும் ஒங்களுக்கு மிச்சம்" என்று சிரித்தது.

சாயங்காலம் பிரேமா வந்தபோது, என்ன மாதிரி வேண்டும் என்று அவளை விட்டுக் கேட்கச் சொன்னேன். நான் கேட்டால்தான் பதில் வராதே. சொர்ணம் கொழும்புக் கேமராவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. வலது கைக்குள் பாதி அடங்க வேண்டும். பேட்டரியே இருக்கக் கூடாது. கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் தெரியும். அதற்குள் எல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரியும். லென்சின் அடியில் ஒரு நாக்கு இருக்கும். அதை இடது கை விரலால் தள்ளத் தள்ள ரெண்டும் நெருங்கி வந்து ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். உட்கார்ந்தால் தூரம் சரி.

"வெயில்ல பதினாறு, நிழல்ல எட்டு, வீட்டுக்குள்ளன்னா சாமிய வேண்டிக்கிட்டு ரெண்டு" என்றாள்.

"என்னம்மா அது?"

"வெளிச்சக் கணக்கு. ஒங்கப்பா மரத்துக்கு அடி பாப்பாவ, நான் வெயிலுக்குப் பாப்பேன்."

நான் கேமரா லென்சில் அந்த எண்களைப் பார்த்திருக்கிறேன். என்னவென்று ஒரு நாளும் கேட்டதில்லை. அப்போது அவள் முகம், சாத்தான்குளம் பஸ்ஸுக்கு நான் கிளம்பும்போது ஆல்பத்தைத் துணிப்பையில் வைத்து முடிச்சுப் போடுவாளே, அந்த முகம்.

ஜனவரி 29, ஞாயிறு

டாக்டரிடம் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. மேல் தட்டில், தனியாக, ஒரு மஞ்சள் துணியின் மேல். நான் நாக்கு, மஞ்சள் கட்டம் என்று சொல்லச் சொல்ல அவர் கண் அங்கே போய்ப் போய் வந்தது. பல்லைப் பிடுங்கத் தெரிந்தவருக்கு ஆசையை மறைக்கத் தெரியவில்லை.

"அத மட்டும் கேக்காதிய அண்ணாச்சி. என் வாப்பா கேமரா இல்ல, யார் கேமராவும் இல்ல, ஆனா எனக்கு அது வேணும்."

மனப்பூர்வமாக மாட்டேன் என்கிறவனிடம் விலை பேசக் கூடாது. பேசினால் மாட்டேன் என்பது கெட்டியாகிவிடும். காப்பியைக் குடித்துவிட்டு, கிட்டங்கிக்கு ஒருநாள் வரச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 2, வியாழன்

டாக்டர் வந்தார். கிட்டங்கியின் பின்பக்கம் செட்டிநாட்டு வீட்டுக் கதவு ஒன்று நிற்கிறது. எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்தது. மேலே யானையும் கிளியும். அவர் முன்னால் நிற்க, நான் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதவின் முன்னால் நிற்பவன் தானாகப் பேசுவான்.

"இது என்ன அண்ணாச்சி வெல?"

"அது வெலைக்கு இல்ல டாக்டரே. எனக்கு அது வேணும்."

கொஞ்ச நேரம் யானையைத் தடவிப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"அந்தக் கேமராவுக்கா இவ்வளவு பெரிய கதவத் தாரிய? நஷ்டம் அண்ணாச்சி."

"வீட்ல ஒருத்தி பேசாம இருக்கா டாக்டரே. அது எவ்வளவு நஷ்டம்னு ஒங்களுக்குத் தெரியாது."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. அவர் பல் டாக்டர். வாய் திறந்தவர்களிடம் அதிகம் கேள்வி கேட்கிற பழக்கம் இல்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 5, ஞாயிறு

கதவைக் கொடுத்துவிட்டுக் கேமராவை வாங்கும்போது இந்தத் தடவை தட்டிப் பார்க்கவில்லை. டாக்டர் சொன்னபடி பார்த்தேன். லென்சுக்குள் டார்ச் அடித்துப் பூசணம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஷட்டர் வேகத்தை மாற்றி மாற்றி அமுக்கிக் காதில் வைத்துக் கேட்டேன். மெதுவானதற்கு ஒரு சத்தம், வேகமானதற்கு ஒரு சத்தம், ஒழுங்காக மாறுகிறது. நாக்கைத் தள்ளினேன். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போகிறது. கண்ணை வைத்தேன். டாக்டர் வாசலில் ரெண்டு டாக்டராக நின்றார். தள்ளினேன். ஒரு டாக்டர் ஆனார்.

"ஒண்ணு போதும் டாக்டரே, ரெண்டு பேர் பல்லப் பிடுங்குனா தாங்காது."

கனமே இல்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கார் இருக்கிறது. பஸ்ஸில்தான் வரத் தோன்றியது.

பிப்ரவரி 6, திங்கள்

வலது கையால் வாங்கினாள். கை மூடிக்கொண்டது. இடது கையை ஜெனிட்டா தூக்கி லென்சின் அடியில் வைத்தது. ஆள்காட்டி விரல் நாக்கின் மேல் கிடந்தது. ரொம்ப நேரம் கிடந்தது.

"தள்ளுங்க ஆன்ட்டி. அவசரமில்ல."

தள்ளினாள். மயிரிழை அளவுதான். ஆனால் தள்ளினாள். நான் பார்த்தேன்.

புறவாசலில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. மூடப் போனேன். குழாயை மூட வெகு நேரம் ஆயிற்று.

பிப்ரவரி 9, வியாழன்

அறைவாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டாள். இது மூன்றாவதோ நான்காவதோ தடவை. கதவு வியாபாரி வீட்டு நிலையே ஆளை இடிக்கிறது என்று பிரேமா கிண்டல் செய்தாள். டேப் வைத்து அளந்தேன். தாராளமான நிலை. தச்சன் மேல் தப்பில்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு

டாக்டர் சுருள் அனுப்பியிருந்தார். இன்றுதான் நிஜமாக எடுக்க ஆரம்பித்தாள். கிட்டங்கிக்கே கூட்டிப்போகச் சொன்னாள், பிரேமாவிடம்.

நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். காலை வெயில் சாய்வாக விழுந்தது. கதவுகள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. கேமராவைத் தூக்கி, கட்டத்தைப் பூவேலை மேல் வைத்து, விரலால் மெதுவாக நாக்கைத் தள்ளி, ஒன்று சேர்ந்ததும் கேமராவைக் கொஞ்சம் நகர்த்தி, படத்தை அமைத்து, அமுக்கினாள். அந்தக் காலத்தில் ஒரு மூச்சில் செய்வாள். இன்று ஒரு படத்துக்குள் ஒரு டீ குடித்திருக்கலாம். இருந்தாலும் வரிசை அதேதான். கழுத்தைச் சாய்ப்பது அதேதான். சரக்கு மாறவில்லை.

நான் அவளுக்கு முன்னால், இடப்பக்கமாக, நாலு எட்டுத் தள்ளி நின்றேன். நாற்காலியிலிருந்து சரிந்தால் பிடிக்க வேண்டுமே. பிரேமா குறுக்கே வந்தபோது, "ஏட்டி, தள்ளு!" என்று பழைய அதிகாரத்தோடு கத்தினாள். அதைக் கேட்டு எனக்கு ஒரு சந்தோஷம். என்னைப் பார்த்தும் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நான் மறைக்கேனா சொர்ணம்?"

முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தள்ளு என்று சொல்லக்கூட நான் ஆளில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 19, ஞாயிறு

கடற்கரை. வள்ளங்கள், வலை, ஒரு நாய், பலூன்காரன் எல்லாவற்றையும் எடுத்தாள். விரல் இப்போது நாக்கைப் பாதி தூரம் தள்ளுகிறது. ஜெனிட்டா தன் வீட்டில் இதையே சொல்லிச் சொல்லிச் சிரித்ததாம்.

கல்யாணமான புதிதில் இதே கடற்கரையில் மீதியிருந்த ஒரு படத்தை எதற்கு வீணாக்க என்று சொர்ணம் கடலை எடுத்தாள். கடலை எவன் வாங்குவான் என்று கேட்டேன். "இது விக்கதுக்கு இல்ல" என்றாள். அந்தப் படம் ரொம்ப நாள் பீரோவில் இருந்தது.

இன்றும் இடப்பக்கமே நின்றேன். சுருள் முடிந்தது. சென்னைக்குக் கழுவ அனுப்பியாயிற்று.

பிப்ரவரி 26, ஞாயிறு

இனிப் பொறுக்க முடியாது என்று கேட்டேவிட்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து பிரேமா போன பிறகு, பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன்.

"சொர்ணம், என் மேல என்ன கோவம் ஒனக்கு?"

அவள் வலப்பக்கம் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜன்னலிடம், "என்னங்க?" என்றாள்.

வியாபாரத்தில் எத்தனையோ பேர் என்னை அவமானப்படுத்தியிருக்கிறார்கள். இப்படி யாரும் செய்ததில்லை. ஜன்னலிடமே பேசிக்கொள் என்று எழுந்து வந்துவிட்டேன். வந்து தெருவில் நின்றேன். தெருவில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

மார்ச் 6, திங்கள்

படங்கள் வந்தன.

பிரேமா கவரைப் பிரித்து ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினாள். முதல் படம் ஒரு கதவு. அதன் பூவேலை எழும்பி நிற்கிறது, அந்தக் காலம் மாதிரியே. ஆனால் கதவு படத்தின் வலது ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. இடது பாதியில் நான் நிற்கிறேன். ரெண்டு கையையும் பாதி நீட்டிக்கொண்டு, கோழி பிடிக்கப் போகிறவன் மாதிரி.

அடுத்தது ஜன்னல். வலது ஓரத்தில் ஜன்னல், இடது பாதியில் நான். அடுத்தது வள்ளம். வலது ஓரத்தில் வள்ளம், இடது பாதியில் நான். நாய், நான். பலூன்காரன், நான். சுருள் முழுக்க நான்தான் நிற்கிறேன்.

"அம்மா ஒங்களத்தான் எடுத்திருக்கா போல" என்று பிரேமா சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாளி ஒன்று ஓரத்தில் தெரிந்தாலே அந்தப் படத்தைக் கிழித்துப் போடுகிறவள் சொர்ணம். இவ்வளவு பெரிய ஆளை உள்ளே விட்டிருக்கிறாள் என்றால், கோபத்தில் விடுகிற ஆள் அவள் இல்லை. பிரியத்தில் விடுகிற ஆளும் இல்லை.

அந்த முதல் படத்தை எடுத்துக்கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். "கதவு நல்லா வந்திருக்கு" என்றாள்.

பிரேமா பின்னாலேயே வந்தாள். "அப்பா எப்படி வந்திருக்காவ?"

"அவிய எங்க இதுல?"

"எம்மா, வெளயாடாத."

"யாரு வெளயாடுதா? கதவுதான இருக்கு."

பலகை வாங்கும்போது ஒரு பக்கம் பார்த்துவிட்டு முடிவு செய்யமாட்டேன். திருப்பிப் போட்டுப் பார்ப்பேன். எதற்குச் செய்தேன் என்று தெரியவில்லை, கை தானாகச் செய்தது. படத்தை அவள் கையில் வைத்தே தலைகீழாகத் திருப்பினேன். இப்போது நான் வலது பக்கம் வந்துவிட்டேன்.

சொர்ணம் குனிந்து பார்த்தாள். கண் பெரிதாகியது.

"யாரது, தலகீழா நிக்கது? அவியளா? அவிய எப்ப வந்தாவ இதுக்குள்ள?"

நான் அவளுடைய இடது தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மார்ச் 7, செவ்வாய்

காலையிலேயே ஜெனிட்டாவை வரச் சொல்லிவிட்டேன். படங்களைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை முகம் வெளிறிப்போயிற்று. ஒரு தாளில் வட்டம் போட்டுக் கொடுத்து, கடிகாரத்துக்கு எண் எழுதச் சொன்னது. சொர்ணம் பன்னிரண்டு எண்ணையும் வலது பாதிக்குள்ளேயே நெருக்கி எழுதி முடித்துவிட்டு, "சரியா?" என்றாள்.

ஜெனிட்டா என்னை வாசலுக்குக் கூட்டிவந்து சொன்னது: "கண்ணு நல்லாத்தான் இருக்கு அங்கிள். காதும் நல்லா இருக்கு. மூளைதான் இடப்பக்கத்தைக் கணக்குலயே எடுத்துக்க மாட்டேங்கு. அங்க ஒரு பக்கம் இருக்குன்னே ஆன்ட்டிக்குத் தெரியாது. சத்தம் வந்தாலும் இந்தப் பக்கம்தான் வருதுன்னு நெனப்பாங்க. நான் எப்பவும் வலப்பக்கம் உக்காந்தே வேலை பாத்துட்டேன். கவனிச்சிருக்கணும்."

"அப்ப தட்டுல இட்லி..."

"ஆமா."

"பவுடரு. பேப்பரு. நிலை."

"எல்லாம் அதுதான் அங்கிள்."

ஜன்னலைப் பற்றி நான் கேட்கவில்லை.

"இனி நான் வலப்பக்கமே போய் உக்காந்துருதேன்" என்றேன். பெஞ்சைத் தூக்கவே போய்விட்டேன்.

"இருங்க அங்கிள். முக்கியமான பேச்சுக்கு வலப்பக்கம் போங்க. பெரிய டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டிருவோம். ஆனா மத்த நேரம் இடப்பக்கமே நில்லுங்க. கூப்பிடுங்க. ஆன்ட்டி தேடட்டும். தேடித் தேடித்தான் அந்தப் பக்கம் திரும்ப வரும். கேமரா நல்லது. அத வச்சே தேடச் சொல்லுங்க."

நான் நின்ற இடமெல்லாம் சரியான இடம்தான் என்று இந்தப் பிள்ளை சொல்கிறது. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பெஞ்சை இறக்கிவைத்தேன்.

கோபம் இல்லை. அதை மட்டும் எழுதிக்கொள்கிறேன். இத்தனை மாதமும் கோபம் இல்லை.

மார்ச் 8, புதன்

புதுச் சுருள் போட்டுக் கொடுத்தேன். எப்படிப் போடுவது என்று சொர்ணம் வாயால் சொன்னாள், நான் கையால் செய்தேன். ரெண்டு தடவை தப்பாகச் செய்தேன். "மரமண்ட" என்றாள், கேமராவைப் பார்த்துக்கொண்டு.

காலைப் பலகாரம் முடிந்ததும் புறவாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். நான் இடப்பக்கம் மதில் ஓரமாகப் போய் நின்றேன். கிட்டப் போகவில்லை. ஜெனிட்டா சொன்னபடி கூப்பிட்டேன்.

"சொர்ணம்."

வலப்பக்கம் திரும்பினாள். அங்கே துவைக்கிற கல்.

"அங்க இல்லட்டி. எதுத்த பக்கம். கேமராவ வச்சுத் தேடு."

"எங்கன இருக்கியன்னு சொன்னா என்ன?"

"சொல்லமாட்டேன். ஜெனிட்டா திட்டும்."

முனகிக்கொண்டே கேமராவைக் கண்ணில் வைத்தாள். கேமரா மெதுவாக நகர்ந்தது. கொடியில் காயும் சேலைக்கு வந்து நின்றது. நான் மறுபடி கூப்பிட்டேன். திரும்ப வலப்பக்கமே ஓடப் பார்த்தது. அவளே அதைப் பிடித்து இழுத்த மாதிரி கொண்டுவந்தாள். முருங்கை மரம். வாளி. மதில். கழுத்து நடுங்கியது. நான் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். பெண் பார்க்கப் போன அன்றைக்குக்கூட நான் இப்படி நின்றதில்லை.

லென்ஸ் என் மேல் வந்து நின்றது. விரல் நாக்கைத் தள்ளியது. தள்ளி, கொஞ்சம் திரும்ப இழுத்து, மறுபடி தள்ளியது. அமுக்கப் போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அமுக்கவில்லை. கேமராவை மடியில் இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள், முழுசாக.

"என்னங்க இது, இப்பிடி எலும்புந் தோலுமா நிக்கிய? சாப்பிட்டியளா இல்லியா?"

அஞ்சு இட்லி தின்று கை கழுவிவிட்டுத்தான் அங்கே வந்து நின்றிருந்தேன்.

"இல்ல" என்றேன்.